பட்டாணி விதையும் பரீட்சைப் புள்ளியும்

1875 ஆம் ஆண்டில், பிரித்தானியாவின் பல பாகங்களில் வாழ்ந்த தம் நண்பர் சிலருக்குப் பிரான்சிஸ் கோல்ற்றன் என்னும் அறிஞர் விதைப் பொட்டலங்களை அனுப்பிவைத்தார். நறுமணப் பூவுக்காகத் தோட்டங்களில் வளர்க்கப்படும் ஒருவகைப் பட்டாணியின் விதைகள் அவை. ஒவ்வொருவருக்கும் ஏழு பொட்டலங்கள். ஒவ்வொரு பொட்டலத்திலும் ஒரே பருமனான பத்து விதைகள். அவற்றை நட்டு வளர்த்து, விளைந்த விதைகளைப் பொட்டலம் மாறாமல் திருப்பியனுப்ப வேண்டும் என்பதே வேண்டுகோள். எளிய இந்த முயற்சியிலிருந்து பிறந்த கருத்தொன்று, பரீட்சை எழுதும் ஒரு பிள்ளையின் புள்ளியை எவ்வாறு வாசிக்க வேண்டும் என்பதை இன்றும் நமக்குக் கற்பிக்கின்றது.

கோல்ற்றன் 1822 இல் பிறந்தவர். சாள்ஸ் டாவினின் உறவினர். பெற்றோரின் இயல்பு பிள்ளைகளை எவ்வளவிற்குச் சென்றடைகின்றது என்பதை எண்ணால் அளந்துவிட வேண்டும் என்பது அவருடைய வேட்கை. திரும்பிவந்த விதைகளை அளந்தபோது அவர் ஒரு புதுமையைக் கண்டார். பெரிய விதையின் வழிவந்தவை பெரியனவாகவே இருந்தன. ஆயினும் தாய் விதையளவு பெரியன அல்ல. சிறிய விதையின் வழிவந்தவை சிறியனவே. ஆயினும் தாயளவு சிறியன அல்ல. தாய் விதை சராசரியிலிருந்து விலகிநின்ற தூரத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே மகள் விதைகளில் எஞ்சியிருந்தது. 1877 இல் இலண்டனில் ஆற்றிய உரையொன்றில் இதனை அவர் வெளியிட்டார்.

விதையிற் கண்டது மனிதரிடத்தும் உண்டோ? குடும்ப விபரங்களை எழுதியனுப்புவோருக்குப் பரிசில் அறிவித்து, 205 பெற்றோர் இணைகளையும், வளர்ச்சியடைந்த அவர்தம் பிள்ளைகள் 928 பேரையும் பற்றிய உயர அளவுகளை அவர் திரட்டினார். பெண்களின் உயரம் பொதுவிற் குறைவாதலின், அதனை 1.08 ஆற் பெருக்கி ஆண்களின் உயரத்தோடு ஒப்பிடத்தக்கதாக்கினார். முடிவு முன்போலவே அமைந்தது. பெற்றோரின் நடுவுயரம் சராசரிக்கு மூன்று அங்குலம் மேற்பட்டிருப்பின், பிள்ளைகள் சராசரியாக இரண்டு அங்குலமே மேற்பட்டிருந்தனர். 1885 இல் அபடீன் நகரிற் கூடிய பிரித்தானிய விஞ்ஞானச் சங்கத்தின் மாநாட்டில் இச்செய்தியை அவர் எடுத்துரைத்தார். சராசரியை நோக்கிய இப்பின்வாங்கலையே நம் நூல்கள் 'பிற்செலவு' என வழங்குகின்றன.

முன்னோரின் பழைய இயல்பு பிள்ளைகளைப் பின்னுக்கு இழுக்கின்றது என்றே கோல்ற்றன் முதலிற் கருதினார். ஆனால் அவருடைய அட்டவணையே இதனை மறுத்து நின்றது. அதனைத் தலைகீழாக வாசித்தால் என்ன தெரிகின்றது? மிக உயரமான பிள்ளைகளை முதலிலே தெரிந்தெடுத்து அவர்களுடைய பெற்றோரை நோக்கினால், அப்பெற்றோரும் பிள்ளைகளைவிடச் சராசரிக்கு அண்மையிலேயே நிற்கின்றனர்! பிள்ளையிலிருந்து பெற்றோருக்கு எவ்வியல்பும் சென்றடைய முடியாதன்றோ? ஆகவே பிற்செலவை விளக்க முன்னோரின் இழுப்புத் தேவையில்லை. இரண்டு அளவுகள் ஒன்றோடொன்று தொடர்புடையனவாயும், அத்தொடர்பு முழுமையற்றதாயும் இருந்தால், ஒன்றின் உச்சியில் நிற்போர் மற்றொன்றில் சராசரியை நோக்கி இறங்கியே காணப்படுவர். 1888 இல் அத்தொடர்பின் அளவுக்கே அவர் ஓர் எண்ணை வகுத்தார். அதுவே 'இணைபு'.

இனிப் பரீட்சை மண்டபத்துக்கு வருவோம். 1888 இலும் 1890 இலும் எட்ஜ்வேத் என்னும் பொருளியலறிஞர் பரீட்சைகளைப் பற்றி இரு கட்டுரைகள் எழுதினார். வானசாத்திரிகள் ஒரு விண்மீனைப் பலமுறை நோக்கும்போது அளவுகள் சிறிது சிறிது வேறுபடுவது போலவே, பரீட்சகர் இடும் புள்ளியும் தற்செயலால் வேறுபடும் என்பதை அவர் கணக்கிட்டுக் காட்டினார். சித்தியெல்லையை அடுத்து மேலே நிற்பவனையும் கீழே நிற்பவனையும் பிரிப்பது பல வேளைகளில் திறமையன்று, தற்செயலே என்பது அவர் கண்ட முடிபு. 1904 இல், முன்னர் இராணுவ அதிகாரியாயிருந்து உளவியல் பயிலச் சென்ற சாள்ஸ் ஸ்பியர்மன், அளவையிலுள்ள பிழை இரண்டு சோதனைகளுக்கிடையேயுள்ள தொடர்பை எவ்வாறு குறைத்துக் காட்டும் என்பதையும், அதனைத் திருத்தும் வழியையும் கண்டறிந்தார்.

இவ்வறிஞர்களின் ஆராய்ச்சியால் விளங்குவது இதுவே: ஒரு பிள்ளை பெறும் புள்ளியில் இரு கூறுகள் உள. ஒன்று அப்பிள்ளையின் உண்மையான அறிவு. மற்றையது அன்றைய நாளின் தற்செயல். படித்த வினாவே வந்த நற்பேறு, முதல்நாட் காய்ச்சல், பரீட்சகரின் மனநிலை ஆகியன அதில் அடங்கும். மிக உயர்ந்த புள்ளி பெற்றோர் கூட்டத்தில் அறிவும் மிகுந்திருக்கும், நற்பேறும் மிகுந்திருக்கும். மறுமுறை அறிவு கூடவே வரும். நற்பேறு எல்லோருடனும் வாராது. அதனாலேயே அக்கூட்டத்தின் சராசரி இறங்குகின்றது. கீழ்நின்றோரின் சராசரி ஏறுவதும் இக்காரணத்தாலேயே.

எவ்வளவு இறங்கும் என்பதை முற்கூட்டியே சொல்ல ஒரு வழியை ஐக்கிய அமெரிக்காவின் ட்ரூமன் கெலி 1920 களில் வகுத்தார். ஒரு சோதனையின் நம்பகம் 0.8 எனவும், வகுப்பின் சராசரி 50 எனவும் கொள்வோம். 80 புள்ளி பெற்ற பிள்ளை சராசரிக்கு 30 மேலே நிற்கின்றது. அந்த 30 இல் 0.8 பங்கு, அதாவது 24 மட்டுமே நம்பத்தக்கது. ஆகவே அப்பிள்ளையின் உண்மைப் புள்ளிக்குச் சிறந்த மதிப்பீடு 74. இவ்வாறே 20 பெற்ற பிள்ளைக்கு அது 26 ஆகும்.

இதனை மறந்தால் நேரும் கேட்டை 1942 இல் ரொபேட் தோண்டைக் என்னும் உளவியலறிஞர் விளக்கினார். ஒரு பாடசாலையின் சராசரி 40, இன்னொன்றின் சராசரி 60 என்க. இரண்டிலுமிருந்து 50 புள்ளி பெற்ற பிள்ளைகளைத் தெரிந்து, சமமானவர்கள் என்று இணைத்து, சில மாதங்களின் பின் மீண்டும் சோதிக்கின்றோம். நம்பகம் 0.8 ஆயின், கற்பித்தல் எதுவும் நிகழாவிடினும், முதற் பாடசாலைப் பிள்ளைகள் சராசரியாக 48 க்கு இறங்குவர். மற்றவர்கள் 52 க்கு ஏறுவர். ஒவ்வொரு கூட்டமும் தன்தன் சராசரியை நோக்கித் திரும்பியதே இதன் காரணம். இதனை அறியாதவர், ஒரு பாடசாலையின் ஆசிரியரைப் போற்றி மற்றப் பாடசாலையின் ஆசிரியரைத் தூற்றுவர்.

வெவ்வேறு பாடங்களின் புள்ளிகளை ஒப்பிடுவதிலும் இத்தகைய எச்சரிக்கை வேண்டும். கணிதத்தில் 60, வரலாற்றில் 70 பெற்ற மாணவன் எதிற் சிறந்தவன்? கணிதத்தின் சராசரி 40, நியம விலகல் 10 எனின், அவன் சராசரிக்கு மேலே இரண்டு விலகல் நிற்கின்றான். வரலாற்றின் சராசரி 60, நியம விலகல் 20 எனின், அரை விலகலே நிற்கின்றான். இதுவே 2001 முதல் இலங்கைப் பல்கலைக்கழக அனுமதியிற் கையாளப்படும் 'இசட்' புள்ளியின் அடிப்படை. இங்கும் எந்தக் கூட்டத்தோடு ஒப்பிடுகின்றோம் என்பதே உயிர்நிலை. 2011 இல் பழைய பாடத்திட்டத்திலும் புதிய பாடத்திட்டத்திலும் உயர்தரப் பரீட்சை எழுதியோரை ஒன்றாகச் சேர்த்துக் கணித்த இசட் புள்ளிகளை 2012 இல் உயர் நீதிமன்றம் செல்லாதனவாக்கியது இதற்குச் சான்று.

கோல்ற்றனின் வாழ்வில் ஒரு முரண் உண்டு. 'தகுந்தவர்' பெருகவும் 'தகாதவர்' அருகவும் வேண்டும் என்னும் இனமேம்பாட்டுக் கொள்கைக்கு 1883 இல் பெயரிட்டவர் அவரே. அக்கொள்கையைப் பின்பற்றியோர், 20 ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், நுண்மதிச் சோதனைப் புள்ளிகளைக் காட்டி மனிதரை அறிவற்றோர் என முத்திரையிட்டனர். ஐக்கிய அமெரிக்காவிற் பலர் வலிந்து மலடாக்கப்பட்டனர். ஒரு புள்ளியை முழு உண்மையாகக் கொள்ளாதே என்று அவருடைய அட்டவணை சொல்ல, அவருடைய வழிவந்தோர் அதனையே மாறாத உண்மையாகக் கொண்டனர். இதற்கு மாறாக, 1905 இல் முதலாவது நுண்மதி அளவுகோலை அமைத்த பிரான்சு நாட்டு அல்பிரட் பினே, மேலதிக உதவி வேண்டிய பிள்ளைகளை இனங்காணவே அதனை ஆக்கினார்.

இஸ்ரேலிய விமானப் படையின் பயிற்றுநர் சிலரோடு உரையாடிய உளவியலறிஞர் டானியல் கானமன், 1973 இல் வெளியான கட்டுரையில் ஓர் அனுபவத்தைக் குறித்துள்ளார். நன்றாகப் பறந்தவனைப் பாராட்டினால் அடுத்தமுறை தவறுகின்றான். மோசமாகப் பறந்தவனை ஏசினால் திருந்துகின்றான். எனவே பாராட்டு தீது, ஏச்சே நன்று என்பது அப்பயிற்றுநரின் முடிபு. அவர்கள் கண்டது பொய்யன்று. ஆனால் அவர்கள் கண்டது பிற்செலவையே. வாயைத் திறவாதிருந்தாலும் அவ்வாறே நிகழ்ந்திருக்கும்.

பிரம்பை நம்பிய ஆசிரியர் எத்தனையோ பேர் இதே மயக்கத்துக்கு ஆளாகியிருத்தல் கூடும். தவணைப் பரீட்சையில் முதலாம் பிள்ளை மூன்றாம் பிள்ளையாகிவிட்டால் சோம்பல் என்று ஏசுவதும், கடைசிப் பிள்ளை சிறிது ஏறினால் அடியின் பயன் என்று மகிழ்வதும் எளிது. தீர்ப்புக் கூறுமுன் இன்னொரு பரீட்சை, இன்னொரு சான்று வேண்டும். புள்ளி அறிவைக் காட்டும். ஆனால் கலங்கிய நீரின் வழியே காட்டும். அந்நீர் தெளியும்வரை பொறுத்திருப்பது, அப்பிள்ளைக்கு நாம் செய்யவேண்டிய நீதியாகும்.