காரைக்கால் எம்பிபிஎஸ் சீட்: 200 வருஷக் கதை

1/ நீட் கவுன்சிலிங்ல பிடிச்ச காலேஜா, ஃபீஸ் கம்மியான காலேஜான்னு குழம்புறீங்களா? ஒரு வரலாறு சொல்றேன்.

2/ 1823ல பிரெஞ்சுக்காரங்க புதுச்சேரியில மருத்துவப் பள்ளி தொடங்கினாங்க. 1954ல அவங்க ஆட்சி முடிஞ்ச பிறகு இந்திய அரசு அதை ஏத்துக்கிட்டது. 1964ல அதோட வாரிசாதான் ஜிப்மர் வந்தது.

3/ காரைக்கால் பிள்ளைங்களுக்கு அது சுமார் 130 கி.மீ. தூரம். 2016ல 50 எம்பிபிஎஸ் சீட்டோட ஜிப்மர் காரைக்காலுக்கே வந்துச்சு.

4/ "புதுச்சேரி வளாகம்தான் வேணும்"னு இதை விட்டுட்டு, தனியார்ல வருஷத்துக்குப் பல லட்சம் கட்டப் போறீங்களா? ரெண்டு வளாகத்துலயும் ஒரே நிறுவனம், ஒரே பட்டம்.

5/ எம்பிபிஎஸ் முடிச்சதும் பிடிச்ச பிஜிக்காக ஒரு வருஷம் உட்கார்ந்து படிக்கணும்னா, தலைமேல கடன் இருக்கக் கூடாது. இன்னைக்கு மிச்சமாகுற ஃபீஸ்தான் நாளைக்கு உங்க விருப்பம்.