கட்டிளமைக்கு அப்பால்: ஓட்டிச வரலாற்றிற் பெற்றோர்

ஓட்டிசம் பற்றிய வரலாறு பெரும்பாலும் குழந்தைகளின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. பேசாத குழந்தை, தனித்திருக்கும் குழந்தை, சுழலும் பொருளொன்றில் மனம் லயித்திருக்கும் குழந்தை என்னும் சித்திரங்களே மருத்துவ நூல்களை நிரப்பின. ஆயின், அக்குழந்தை கட்டிளமைப் பருவத்தைக் கடந்து வளர்ந்தோர் உலகின் வாயிலில் வந்து நிற்கும்போது அதன் கதி யாது என்னும் வினா நெடுங்காலம் பின்தள்ளப்பட்டே இருந்தது. அவ்வினாவை நாள்தோறும் எதிர்கொண்டவர்கள் பெற்றோராவர். அவர்கள் கண்ட சிறந்த விடைகளை ஒப்புநோக்கின் ஓர் உண்மை புலனாகும். பிள்ளையை மாற்றியமைக்கும் முயற்சியிலும் பார்க்க, பிள்ளை உள்ளவாறே வாழத்தக்க இடமொன்றை ஆக்கும் முயற்சியே நீடித்த பயனளித்தது.

அமெரிக்காவின் பால்ற்றிமோர் நகரில் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையிற் பணியாற்றிய உளமருத்துவர் லியோ கனர், 1943இல் எட்டுச் சிறுவரையும் மூன்று சிறுமியரையும் பற்றி எழுதிய கட்டுரையே இத்துறையின் மூல ஆவணமாகக் கொள்ளப்படுகின்றது. அதில் முதலாவதாக விவரிக்கப்பட்டவன், மிசிசிப்பி மாநிலத்தின் ஃபொறெஸ்ற் என்னும் சிற்றூரில் 1933இல் பிறந்த டொனால்ட் ட்ரிப்லெற். தந்தை சட்டத்தரணி, தாய் உள்ளூர் வங்கியொன்றை உடைமையாகக் கொண்ட குடும்பத்தவர். 1937இல், நான்கு வயது நிறையுமுன்னரே, மருத்துவ ஆலோசனைக்கமைய டொனால்ட் வீட்டிலிருந்து அகற்றப்பட்டு நிறுவனமொன்றிற் சேர்க்கப்பட்டான். இத்தகைய பிள்ளைகளைக் கண்மறைவில் வைத்தலே அக்காலத்து வழக்கம். ஆயின் ஓராண்டின் பின்னர், அவனை அங்கேயே விட்டுவைக்குமாறு கூறப்பட்டதையும் மீறி, பெற்றோர் அவனை வீட்டுக்கு மீட்டு வந்தனர். தந்தை மகனின் இயல்புகளை நுணுகி நோக்கி முப்பத்துமூன்று பக்கங்களில் எழுதிய கடிதம் கனரின் கைக்குக் கிடைத்தது. கனரின் விவரணம் இக்கடிதத்துக்குப் பெரிதும் கடன்பட்டது. ஓட்டிசம் பற்றிய மருத்துவ அறிவின் அத்திவாரத்திலேயே பெற்றோரின் அவதானிப்பு இடம்பெற்றுள்ளமை மனங்கொளற்பாலது.

1942இல் டொனால்ட் வீட்டிலிருந்து ஏறக்குறையப் பத்து மைல் தொலைவிலிருந்த ஒரு பண்ணைக் குடும்பத்துடன் வாழ அனுப்பப்பட்டான். 1945இல் அங்கு சென்று பார்த்த கனர், அக்குடும்பத்தினரின் விவேகத்தைக் கண்டு வியந்தார். சோளப் பயிரின் வரிசைகளை ஓயாது எண்ணிக்கொண்டிருந்த சிறுவனிடம் கலப்பையைக் கொடுத்து, உழுதவாறே எண்ணச் செய்தனர். அளத்தலில் அவனுக்கிருந்த நாட்டத்தைக் கிணறு தோண்டி அதன் ஆழத்தைக் கணிக்கும் வேலையில் ஈடுபடுத்தினர். இறந்த பறவைகளை அவன் சேகரித்தபோது அவற்றைப் புதைப்பதற்கென ஒரு துண்டு நிலத்தை ஒதுக்கிக் கொடுத்தனர். அவனுடைய இயல்புகளைத் தண்டித்து ஒடுக்காமல் அவற்றுக்குத் தொழில் தேடிக் கொடுத்தனர் என்பதே இதன் பொருள். மருத்துவப் பயிற்சி எதுவுமற்ற உழவரிடமிருந்து இந்நெறி வெளிப்பட்டமை கருதத்தக்கது.

கட்டிளமைப் பருவத்தில் அவன் சொந்த ஊரின் உயர்நிலைப் பள்ளியிற் பயின்றான். பள்ளிக்கூடத்துச் சுவரிலுள்ள செங்கற்களின் தொகையை ஒரே பார்வையிற் கூறினான் என்னும் கதை ஊரெங்கும் பரவியது. தாம் கூறியது கற்பனைத் தொகையென்றும், சக மாணவர் தம்மை நன்கு மதிக்கவேண்டும் என்பதற்காகவே அவ்வாறு செய்ததாகவும் முதுமையில் அவரே ஒப்புக்கொண்டார். பிறருடன் ஒட்டும் விருப்பமற்றவர் எனப் பெயரிடப்பட்ட ஓர் இளைஞனின் உள்ளத்தில் இத்தகைய ஏக்கம் இருந்தமை, அப்பெயரையே மீளாய்வு செய்யத் தூண்டுவதாகும்.

1958இல் மில்சப்ஸ் கல்லூரியிற் பட்டம் பெற்ற டொனால்ட், குடும்பத்தின் வங்கியிற் பணியாற்றினார். இருபத்தேழாவது வயதிற் காரோட்டப் பழகினார், கொல்ப் விளையாடினார், தனியே பல நாடுகளுக்குப் பயணஞ் செய்தார். 1980களில் பெற்றோர் இருவரும் மறைந்த பின்னரும், அவர்கள் வகுத்து வைத்திருந்த நம்பிக்கை நிதியமும் ஊராரின் அரவணைப்பும் துணைநிற்க, பிறந்து வளர்ந்த வீட்டிலேயே வாழ்ந்து 2023இல் எண்பத்தொன்பதாவது வயதிற் காலமானார்.

இங்கு செல்வத்தின் பங்கை மறைத்தல் வரலாற்று நேர்மைக்கு ஒவ்வாது. வங்கியும் நிதியமும் எல்லாக் குடும்பங்களுக்கும் வாய்ப்பனவல்ல. 1971இல் கனர், அப்பதினொரு பேரின் பிற்கால நிலையை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரை இதனைத் துலாம்பரமாக்குகின்றது. டொனால்டும் வேறொருவரும் தொழில் புரிந்து வாழ்ந்தனர். வாழ்நாளின் பெரும்பகுதியை நிறுவனங்களிற் கழித்த நால்வரோ, சேர்க்கப்பட்ட சிறிது காலத்துள்ளேயே முன்பிருந்த திறன்களையும் இழந்து மங்கினர். தொடக்கத்திலேயே பிள்ளைகளிடையே ஆற்றல் வேறுபாடுகள் இருந்தன என்பது மெய்யே. எனினும், இருந்த ஆற்றலும் அழிந்தமைக்கு நிறுவன வாழ்வே காரணமெனக் கனர் கருதினார்.

இவ்வுண்மை வெளிப்படுமுன்னர் பெற்றோர் சுமந்த பழியும் சிறிதன்று. பெற்றோரின் குளிர்ந்த உள்ளமே பிள்ளையின் நிலைக்குக் காரணம் என்னும் கருத்து 1940களின் இறுதியில் கனரின் எழுத்துக்களிலேயே இடம்பெற்றது. 1967இல் புறூனோ பெற்றல்ஹைம் அதனைப் பரவலாக்கினார். ஓட்டிசமுள்ள மகனுக்குத் தந்தையான உளவியலாளர் பேணார்ட் றிம்லண்ட் 1964இல் வெளியிட்ட நூல் இக்கருத்தை மறுத்து, உயிரியற் காரணிகளை முன்வைத்தது. 1969இல் பெற்றோர் கூட்டமொன்றிற் கனர் பெற்றோரைக் குற்றத்திலிருந்து விடுவித்தார். பழிக்கு விடை கூறுவதிற் காலங்கழித்த பெற்றோருக்கு, பிள்ளையின் எதிர்காலத்தைத் திட்டமிடும் அவகாசம் எங்ஙனம் வாய்த்திருக்கும்?

பிரித்தானியாவில் 1962இல் பெற்றோர் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்தனர். ஓட்டிசமுள்ள மகளின் தாயாகிய உளமருத்துவர் லோர்னா விங் அதன் முன்னோடிகளுள் ஒருவர். 1965இல் அச்சங்கம் நிறுவிய பாடசாலையைச் சிபில் எல்கர் நடத்தினார். மாணவர் வளர்ந்தனர், பாடசாலை முடிந்தபின் அவர்கள் எங்கு செல்வர் என்னும் பிரச்சினை எழுந்தது. அதன் விளைவாக 1974இல் ஓட்டிசமுள்ள வளர்ந்தோருக்கான சொமர்செற் கோட் என்னும் வதிவிடம் தோன்றியது. தனியொரு குடும்பத்தின் செல்வத்தாற் சாதிக்கப்பட்டதைப் பல குடும்பங்களின் கூட்டு முயற்சியாற் சாதிக்கலாம் என்பதற்கு இது சான்றாகும்.

அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டுச் சட்டம் ஊனமுற்ற பிள்ளைகளின் கல்வியை உரிமையாக்கியது. 1990இல் ஓட்டிசம் அச்சட்டத்திற் பெயர்சுட்டி உள்ளடக்கப்பட்டதோடு, பாடசாலையிலிருந்து வளர்ந்தோர் வாழ்வுக்குச் செல்லும் மாற்றத்தைத் திட்டமிடுதலும் கட்டாயமாயிற்று. ஆயினும் அவ்வுரிமை பாடசாலைப் பருவத்துடன், பொதுவாக இருபத்தொரு வயதளவில், முடிந்துவிடுகின்றது. அதன் பின்னர் வேலை, வதிவிடம், துணை ஆகியவற்றுக்கு அதனையொத்த உறுதிப்பாடில்லை. சட்டத்தின் கணக்கில் பிள்ளைப்பருவம் ஒருநாளில் முடிவடையலாம். தாயின் கவலை அவ்வாறு முடிவதில்லை.

1993இல் ஜிம் சின்கிளேயர், ஓட்டிசமுள்ளவர் என்ற நிலையிலிருந்து பெற்றோரை நோக்கிப் பேசினார். கனவுகண்ட பிள்ளை கிடைக்கவில்லை என்ற துயரை, கண்முன் வாழும் பிள்ளைமீது சுமத்தலாகாது என்பது அவரது வாதத்தின் சாரம். இதன்பின் வரலாறு புதிய திருப்பத்தைப் பெற்றது. பிள்ளைக்காகத் திட்டமிடுதல், பிள்ளையுடன் சேர்ந்து திட்டமிடுதலாக விரிவடைய வேண்டியதாயிற்று.

எந்தப் பெற்றோரும் பிள்ளையின் ஆயுள் முழுவதும் உடனிருத்தல் இயலாது. தமக்குப் பின் யார் என்னும் வினா ஓட்டிசமுள்ள இளைஞரின் பெற்றோரைப் பிறரினும் கூர்மையாக வருத்துவது இயல்பே. ஃபொறெஸ்றில் அவ்வினாவுக்கு ஓர் ஊர் விடையாக நின்றது. சொமர்செற்றில் ஒரு சங்கம் விடையாக நின்றது. விடையேதும் ஆயத்தஞ்செய்யப்படாத இடங்களிற் பூட்டிய கதவுகளே விடையாயின. அவ்விடையை ஆக்கும் பொறுப்பைப் பெற்றோரிடம் மட்டும் விட்டுவிடும் சமுதாயம், தன் கடமையின் பாதியை மறந்த சமுதாயமே ஆகும்.