குதிரை லாய இரப்பர் விரிப்பு

குதிரை லாய இரப்பர் விரிப்பு என்பது குதிரை லாயத்தின் தரை மீது பரப்பப்படும் தடித்த இரப்பர்ப் பலகை ஆகும். கடினமான தரையினால் குதிரையின் கால்களுக்கு ஏற்படும் அழுத்தத்தைக் குறைப்பதும், வழுக்கலைத் தடுப்பதும், தரையைத் தூய்மையாக வைத்திருக்க உதவுவதும் இதன் முக்கிய பயன்களாகும். லாயம், பந்தி என்றும் அழைக்கப்படும். இவ்விரிப்பு குதிரையின் படுக்கைக்கு மாற்று அன்று; படுக்கைக்கு அடியில் இடப்படும் ஒரு தளம் ஆகும்.

தேவை

குதிரையின் கால்களில் உள்ள தசைநாண்களும் தசைநார்களும் மூட்டுகளைப் பூட்டி நிறுத்தக்கூடியவை. இதனால் குதிரை நின்றவாறே உறங்க வல்லது. எனினும் ஆழ்ந்த உறக்கத்தின் ஒரு பகுதிக்கு அது கட்டாயம் படுத்தாக வேண்டும். தரை கடினமாகவோ, ஈரமாகவோ, வழுக்கலாகவோ இருப்பின் குதிரை படுக்கத் தயங்கும். பல நாட்கள் படுக்காத குதிரை நின்றபடியே கண்ணயர்ந்து முழங்கால் மடங்கி விழுவதும் உண்டு. சிமெண்டுத் தரையில் படுத்தெழும் குதிரைகளுக்கு முழங்கை, பின்னங்கால் கணு ஆகிய இடங்களில் புண்களும் வீக்கங்களும் தோன்றுகின்றன.

தரையின் ஈரம் மற்றொரு சிக்கலாகும். வளர்ந்த குதிரை ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 முதல் 15 லிட்டர் வரை சிறுநீர் கழிக்கும். அதிலுள்ள யூரியாவை நுண்ணுயிர்கள் சிதைக்கும்பொழுது அமோனியா வளிமம் வெளியாகிறது. இவ்வளிமம் மூச்சுக்குழலை உறுத்தி இருமலை உண்டாக்கும். தரைக்கு அருகில் மூச்சுவிடும் குட்டிகளும், படுத்திருக்கும் குதிரைகளும் இதனால் கூடுதலாகப் பாதிக்கப்படுகின்றன. ஈரத்திலேயே நிற்கும் குதிரையின் குளம்பின் அடிப்பகுதியில் அழுகல் நோய் ஏற்படும்.

தமிழகக் கடற்கரையும் குதிரைகளும்

தமிழகத்துக்குக் குதிரைகள் கடல்வழியே வந்ததைச் சங்க இலக்கியமான பட்டினப்பாலை குறிப்பிடுகிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, அரேபிய, பாரசீகக் கடற்கரைகளிலிருந்து பெருமளவில் இறக்குமதியான குதிரைகளுள் பல முறையான பராமரிப்பின்றி விரைவில் இறந்ததாக எழுதியுள்ளார். வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த இக்கடற்கரையில் குதிரை வளர்ப்பு இன்றும் கவனம் வேண்டும் தொழிலே ஆகும்.

விழுப்புரம் மாவட்டத்தில் மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிக் கீழ்புத்துப்பட்டு அமைந்துள்ளது. இவ்வூரின் மஞ்சனீஸ்வரர் அய்யனார் கோயில் குதிரைச் சிலைகளுக்குப் பெயர் பெற்றது. இதன் தெற்கே உள்ள ஆரோவில்லில் குதிரையேற்றப் பயிற்சி அளிக்கப்படுகிறது. மரக்காணத்தைச் சுற்றி உப்பளங்களும் கழுவேலி ஏரியும் உள்ளன. இத்தகைய நிலப்பகுதியில் லாயம் அமைப்போர் கவனிக்க வேண்டியவை பின்வருமாறு:

* வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் (அக்டோபர் முதல் டிசம்பர் வரை) நிலம் ஊறிப்போகும். ஆகவே லாயத்தின் தளம் சுற்றுப்புறத்தை விட உயர்ந்திருக்க வேண்டும்.
* உப்புக் காற்று இரப்பரை அதிகம் பாதிப்பதில்லை. ஆனால் விரிப்பைப் பிணைக்கும் இரும்பு ஆணிகளும் பட்டைகளும் விரைவில் துருப்பிடிக்கும். ஆணியின்றி ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் விரிப்புகளே இங்குப் பொருத்தமானவை.
* உவர் நீரால் தரையைக் கழுவினால் எஞ்சும் உப்பு காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்துத் தரையைப் பிசுபிசுப்பாக வைத்திருக்கும். இறுதியாக நன்னீர் விட்டு அலசுவது நன்று.
* நேரடி வெயிலில் இயற்கை இரப்பர் நாளடைவில் வெடிப்புறும். திறந்த வெளியில் விரிப்பின் ஆயுள் குறையும்.

வகைகள்

1. கந்தகமேற்றிய இரப்பர் விரிப்பு: சார்ல்ஸ் குட்இயர் 1839இல் கண்டறிந்த, இரப்பரைக் கந்தகத்துடன் சேர்த்துச் சூடாக்கும் முறையில் அச்சில் வார்க்கப்படுவது. அடர்த்தியும் உறுதியும் மிக்கது, நீரை உறிஞ்சாது. இயற்கை இரப்பர் தமிழ்நாட்டில் பெரும்பாலும் கன்னியாகுமரி மாவட்டத்தில் விளைகிறது.

2. துகள் இரப்பர் விரிப்பு: பழைய வண்டிச் சக்கர டயர்களை அரைத்துப் பசையுடன் சேர்த்து அழுத்திச் செய்யப்படுவது. விலை குறைவு. துகள்களுக்கு இடையே நுண்துளைகள் இருப்பின் சிறுநீரை உறிஞ்சும். தரம் குறைந்தவற்றில் கம்பித் துணுக்குகள் இருக்கக்கூடும்.

3. நுரை விரிப்பு: ஈ.வி.ஏ. எனப்படும் செயற்கைப் பொருளால் ஆனது. மென்மையானது, இலகுவானது, ஒருவரே தூக்கிச் செல்லத்தக்கது. எனினும் லாடம் அடித்த குளம்புகளால் எளிதில் கிழியும்.

தேர்ந்தெடுக்கும் முறை

தடிமன்: லாயத்துக்குப் பொதுவாக 17 முதல் 19 மில்லிமீட்டர் தடிமன் கொண்டவை ஏற்றவை. அதனினும் மெல்லியவை ஓரம் சுருண்டு, குதிரையின் கால் இடறக் காரணமாகும்.

எடை: 4 அடிக்கு 6 அடி அளவும் 19 மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட விரிப்பு ஏறத்தாழ 45 கிலோகிராம் இருக்கும். இவ்வெடையே அதனை நகராமல் நிறுத்துகிறது. 12 அடிக்கு 12 அடி லாய அறைக்கு இவ்வகை விரிப்புகள் ஆறு தேவைப்படும். அறையின் அளவை அறியாமல் வாங்கினால் வெட்டி இணைக்க வேண்டிய இடங்கள் மிகும். ஒவ்வோர் இணைப்பும் சிறுநீர் கசியும் வழியாகும்.

மேற்பரப்பு: மழமழப்பான பரப்பு நனைந்தால் வழுக்கும். ஆழமான வரிப்பள்ளங்களில் சாணம் தங்கும். ஆதலால் சிறு புடைப்புகள் கொண்ட பரப்பே சிறந்தது.

அடிப்பரப்பு: அடியில் வரிப்பள்ளம் உள்ள விரிப்புகளின் கீழ்க் கசிந்த நீர் வடியும், ஆனால் தரை சாய்வாக இருந்தால் மட்டுமே இது பயன்படும்.

மணம்: கடும் நெடியுடைய விரிப்பைச் சில நாட்கள் வெளியில் காற்றாட வைத்தபின் பயன்படுத்தலாம். நெடி நீங்காவிடில் காற்றோட்டம் குறைந்த லாயத்துக்கு அது ஏற்றதன்று.

பரப்பும் முறை

விரிப்பின் பயன் அதன் கீழுள்ள தளத்தைப் பொறுத்தது. இளகிய மணல் மீதோ களிமண் மீதோ பரப்பினால், குதிரையின் எடையால் தளம் குழிந்து விரிப்புகள் விலகும். கெட்டிப்படுத்திய கல்தூள் தளம் அல்லது சிமெண்டுத் தளம் ஏற்றது. வடிகாலை நோக்கி 10 அடிக்கு 1 முதல் 2 அங்குலம் சாய்வு அமைக்கப்படுகிறது. இரப்பர் வெப்பத்தில் விரிவதால் சுவரோரம் சிறிது இடைவெளி விடப்படும்.

பராமரிப்பு

விரிப்பின் மேல் மரச்சீவல், வைக்கோல் போன்ற படுக்கை இடப்பட வேண்டும். வெறும் இரப்பரில் சிறுநீர் தெறிப்பதால் குதிரைகள் அதில் சிறுநீர் கழிக்கத் தயங்கும். சாணமும் நனைந்த படுக்கையும் நாள்தோறும் அகற்றப்பட வேண்டும். அவ்வப்போது விரிப்புகளைத் தூக்கி, அடித்தளத்தைக் கழுவி உலர்த்துவது இன்றியமையாதது. தரையருகே குனிந்து முகர்ந்து பார்த்தலே அமோனியாவை அறியும் எளிய வழியாகும்.

குறைபாடுகள்

தொடக்கச் செலவு அதிகம். விரிப்பு இருப்பதால் படுக்கைச் செலவு குறையும் எனினும், அதனை முற்றிலும் தவிர்த்தால் குதிரைக்குத் தீங்கே விளையும். மேற்பரப்பு தூய்மையாகத் தோன்றுவதால் அடியில் தேங்கும் கழிவு கவனிக்கப்படாமல் போகும் வாய்ப்பும் உண்டு. நன்கு உலர்த்திப் பேணப்படும் மண் தரை, பேணப்படாத இரப்பர் தரையை விடக் குதிரைக்கு நலம் பயக்கும்.

இவற்றையும் பார்க்க

* குதிரை
* குளம்பு
* இயற்கை இரப்பர்
* மரக்காணம்