தமுக்கு அடித்ததற்குச் சாட்சி

கிராம நிர்வாக அலுவலராகச் சேர்ந்த புதிதில் நான் கற்ற முதல் சூட்சுமம் இது: தமுக்கு அடிப்பதைவிட, அடித்ததற்குச் சாட்சிக் கையெழுத்து வாங்குவதுதான் முக்கியம். தேனிப் பக்கம், மலையடிவார ஊர். வரி பாக்கியோ ஏலமோ நில எடுப்போ, எதுவானாலும் தலையாரி ஆள் வைத்துத் தெருத்தெருவாக அறிவிப்பார். சாயந்திரம் டீக்கடையில் நாலு பேரிடம் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிக் கோப்பில் சேர்த்தால், சட்டத்தின் கணக்கில் ஊர் முழுக்கக் கேட்டுவிட்டது. நிஜமாகவே கேட்டதா என்று நான் ஒருநாளும் விசாரித்ததில்லை.

ஓய்வு பெற்ற பிறகு பழைய வனச் சட்டங்களைப் படிக்கப் போய்த்தான் அந்த நாலு கையெழுத்தின் வயது புரிந்தது.

1878-இல் ஆங்கில அரசு கொண்டுவந்த இந்திய வனச் சட்டத்தை சென்னை மாகாணம் ஏற்க மறுத்தது. இங்கே காடு என்பது ஏதோ ஓர் ஊரின் எல்லைக்குள்தான் கிடக்கிறது, அதில் ஊராருக்குப் பாத்தியதை உண்டு என்று ரெவின்யூ போர்டு பல வருஷம் வாதாடியது. ஊருக்காகப் பேசியது வரி வசூலிக்கும் இலாகா என்பதைக் கவனியுங்கள். மாடும் தழையும் இல்லாமல் நஞ்சை விளையாது, விளையாமல் கிஸ்தி வராது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும். பாசம் என்று நான் நினைக்கவில்லை. கடைசியில் இந்திய வன இலாகாவின் தலைவர் டீட்ரிச் பிராண்டிஸ் சென்னைக்கு வந்து பேசி, மாகாணத்துக்கென்று தனியாக ஒரு சட்டம் 1882-இல் வந்தது.

அந்தச் சட்டத்தின் நடைமுறையில் எனக்குப் பரிச்சயமான வாசனை. ஒரு நிலத்தைக் காப்புக்காடாக்க நினைத்தால் முதலில் அறிவிக்கை. பிறகு வன நிர்ணய அலுவலர் சுற்றியுள்ள ஊர்களில் பிரகடனம் செய்ய வேண்டும்: எல்லை இது, காப்புக்காடானால் விளைவு இது, உரிமை கோருகிறவர்கள் குறைந்தது மூன்று மாதத்துக்குள் வரலாம். எழுதித்தான் கொடுக்க வேண்டும் என்றில்லை. நேரில் வந்து வாயால் சொன்னாலும் போதும். எழுத்து தெரியாதவனையும் கணக்கில் வைத்து எழுதியிருக்கிறான் வெள்ளைக்காரன். பின்னால் வந்த 1927 வனச் சட்டம் வட்டார மொழியிலேயே வெளியிடு என்கிறது.

ஆனால் அதே சட்டங்களில் இன்னொரு பிரிவும் உண்டு. கெடுவுக்குள் கோராத உரிமை அற்றுப்போகும். அந்த மூன்று மாதமும் மாட்டோடு மேல்மலையில் கிடந்தவன் இறங்கி வந்தபோது அவன் மேய்ச்சல் குற்றமாகியிருக்கும். கோப்பில் மட்டும் நாலு கையெழுத்து இருக்கும்.

முணுமுணுப்பு பெருகியதால் மாகாண அரசு 1912-இல் ஒரு வனக் கமிட்டி போட்டது. அது ஊர் ஊராகப் போய்க் குடியானவர்களிடம் சாட்சியம் வாங்கியது. குடியானவன் தேவைக்கு மட்டுமே உதவுகிற காடுகளைப் பஞ்சாயத்துகளிடம் விடலாம் என்றும் சொன்னது. காட்டைப் பற்றி ஊரைக் கேட்டார்கள் என்று சொல்ல வேண்டுமானால் நான் இதைத்தான் சொல்வேன்.

சுதந்திரத்துக்குப் பின் 1952-லும் 1988-லும் தேசிய வனக் கொள்கைகள் வந்தன. 2006 வன உரிமைச் சட்டம், காட்டில் வாழ்கிறவர்களின் கோரிக்கையைக் கிராமசபையே கூப்பிட்டு வாங்கலாம் என்றது. அதன் விதியிலும் மூன்று மாதம்!

இப்போது மேற்குத் தொடர்ச்சி மலைக்கு வருகிறேன். அந்த மலையின் சூழலை ஆராய மத்திய அரசு போட்ட மாதவ் காட்கில் குழு 2011 ஆகஸ்டில் அறிக்கை கொடுத்தது. கிராமசபைகளில் வைத்துப் பேசி முடிவெடுங்கள் என்று சொன்ன அறிக்கை அது. அதையே மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் மக்கள் கண்ணில் காட்டவில்லை. தகவல் ஆணையமும் தில்லி உயர்நீதிமன்றமும் சொன்ன பிறகு, 2012 மே மாதம்தான் வெளியே வந்தது. பிறகு அதை மறுபடி ஆராயக் கஸ்தூரிரங்கன் குழு. யாரும் படிக்காத அறிக்கைக்கு வதந்திதான் உரை எழுதியது. வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள், ரப்பரை வெட்டச் சொல்வார்கள் என்று கேரளத்தில் கொந்தளிப்பு. 2013 நவம்பரில் தாமரச்சேரியில் வன அலுவலகம் எரிந்தது.

மலையின் ஒரு பகுதியைச் சூழல் கூருணர்வுப் பகுதியாக்க, 2014 மார்ச்சில் முதல் வரைவு அறிவிக்கை. ஆறு மாநிலங்களில் சுமார் 56,825 சதுர கிலோமீட்டர், அதில் தமிழ்நாட்டுக்கு 6,914. கருத்துச் சொல்ல 60 நாள். இறுதி செய்யாமல் அது காலாவதியாக, 2015, 2017, 2018 என்று மறுபடி மறுபடி வந்தது. ஐந்தாவது, 2022 ஜூலை 6. அடுத்த மாதமே தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளர் தண்டோரா வழக்கத்தைக் கைவிடச் சொல்லி ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார். நல்ல காரியம். அந்தத் தோலைத் தட்டச் சொல்லி நாங்கள் எந்தத் தெருவிலிருந்து ஆளைக் கூப்பிட்டோம் என்பது எனக்குத் தெரியும். பதிலுக்கு ஒலிபெருக்கி கட்டிய வண்டி போதும் என்றார்கள். வரைவைச் சொல்லிக்கொண்டு எங்கள் ஊருக்கு எந்த வண்டியும் வரவில்லை.

நானே அச்செடுத்து டீக்கடையில் வாசித்தேன். ஆங்கிலத்தை வரிவரியாகத் தமிழாக்கினேன். மலைமாடு மேய்க்கும் பெரியவர் ஒருவர், என்னை இன்னும் கணக்குப்பிள்ளை என்றே கூப்பிடுகிறவர், கடைசிவரை உட்கார்ந்து கேட்டார்.

“மாட்டைப் பத்தி என்ன போட்டிருக்கு, கணக்குப்பிள்ளை?”

“சுரங்கம், குவாரி, மணல், அனல் மின்நிலையம், பெரிய கட்டடம் கூடாதுங்கறான். தடையில மாடு இல்லண்ணே.”

“அத நம்ம வாயாலயும் சொல்லி வைக்கணும்ல. எங்க போய்ச் சொல்ல?”

தில்லி முகவரியைக் காட்டினேன், மின்னஞ்சலையும் காட்டினேன். இரண்டையும் கண்ணை இடுக்கிப் பார்த்தார். அவர் சொல்லச் சொல்ல ஒரு பக்கம் தமிழிலேயே எழுதி, பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்பினேன். அட்டை முத்திரையோடு திரும்பி வந்தது. அதைக் கொட்டகைக் கூரையில் செருகி வைத்துக்கொண்டார்.

2024 ஜூலை 30-இல் வயநாட்டில் மலை சரிந்தது. மறுநாள் தேதியில் ஆறாவது வரைவு. மறுபடி 60 நாள். செய்தி காதில் விழுந்து, புகையேறிப் பழுத்த அந்த அட்டையோடு பெரியவர் என் வீட்டு வாசலுக்கு வந்து நின்றார்.

“இத வச்சுக் கேட்டா போதுமா, இல்ல மொதல்லேர்ந்து எழுதணுமா?”

மொதல்லேர்ந்துதான் என்றேன். திண்ணையில் உட்கார்ந்தார், நான் தாள் எடுக்க உள்ளே போனேன்.