பரணில் கிடந்த பென்குயின்: லினக்ஸ் விளையாட்டுகளின் கதை

போன மாதம் மறுபடியும் வீடு மாற்றினோம். புனே வந்து சேர்ந்த பிறகு இது ஐந்தாவது வீடு. வெளியூரில் குடித்தனம் நடத்துகிறவர்களுக்குத் தெரியும், பிரிக்கப்படாமலே அடுத்த வீட்டுக்குப் போய்ச் சேரும் அட்டைப்பெட்டி ஒன்று எல்லார் வீட்டிலும் இருக்கும். இந்தத் தடவை தங்கமணி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "என்ன இருக்குன்னு பாத்துருங்க. இல்லேன்னா பங்கார்வாலாகிட்ட போட்டுருவேன்." (பங்கார்வாலா என்றால் நம்ம ஊர் பழைய இரும்புக்காரர்.)

பிரித்தேன். செத்துப்போன மோடம் ஒன்று, எதற்கென்றே தெரியாத வயர்கள், அடியில் குறுந்தகடுகள். அதில் மூன்றை மட்டும் தனியாக எடுத்து வைத்தேன். முதலாவது, அட்டை உறையில் வந்த உபுண்டு. கேட்டவர்களுக்கெல்லாம் தபால் செலவுகூட வாங்காமல் வீட்டுக்கே அனுப்பிக்கொண்டிருந்தார்கள், 2011 வரைக்கும். இரண்டாவது, காசு கொடுத்து வாங்கிய ஒரு லினக்ஸ் விளையாட்டு. அமெரிக்காவிலிருந்து நண்பர் வாங்கி வந்தது. மூன்றாவது, நானே பதிந்த ஒரு தகடு. அதன் மேல் ஸ்கெட்ச் பேனாவில் ஒரு பென்குயின் படம், கீழே கோணலான எழுத்தில் 'டக்ஸ்'. வரைந்தபோது என் பொண்ணுக்கு ஐந்து வயது. இப்போது நொய்டாவில் வேலை பார்க்கிறாள்.

அன்று ராத்திரி ஒரு விபரீத ஆசை வந்தது. இந்த மூன்றில் எது இன்றைக்கும் ஓடும்? சோதித்துப் பார்த்தேன். முடிவைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் கொஞ்சம் கொசுவர்த்தி சுற்றிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2004-ல் அசெம்பிள் செய்த பொட்டி எங்களுடையது. விண்டோஸைக் காசு கொடுத்து வாங்க மனசு வரவில்லை, திருட்டு சிடி போடவும் மனசு வரவில்லை. அலுவலகத்தில் பிடுங்குகிற ஆணியெல்லாம் யுனிக்ஸில்தான் என்பதால், பத்திரிகையோடு இலவசமாக வந்த லினக்ஸ் தகட்டைப் போட்டுவிட்டேன். மோடம் வேலை செய்யவில்லை. ஒலி வர ஒரு வாரம் ஆனது. பக்கத்து வீட்டுப் பையன் வந்து பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டான். "அங்கிள், இஸ்மே கேம் ஹை க்யா?"

இருக்கிறது தம்பி, லினக்ஸ் பிறப்பதற்கு முன்னாலேயே இருக்கிறது.

யுனிக்ஸ் கணினிகள் பல்கலைக்கழகங்களில் மட்டும் இருந்த காலத்தில், 1980 வாக்கில், 'ரோக்' என்று ஒரு விளையாட்டு வந்தது. படம் கிடையாது. கறுப்புத் திரையில் எழுத்துகளும் குறிகளும்தான். மின்னஞ்சல் முகவரியில் வருமே, அந்தச் சுழிதான் நீங்கள். ஆங்கில எழுத்து ஒவ்வொன்றும் ஒரு பூதம். நிலவறையில் இறங்கிச் சண்டை போட வேண்டும். செத்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதைப் பார்த்து 'ஹேக்' வந்தது. அதை வலைவழியே பலர் சேர்ந்து வளர்த்தார்கள், 1987-ல் 'நெட்ஹேக்' ஆனது. லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை வெளியிட்டது 1991-ல். ஆக, வீடு கட்டுவதற்கு நான்கு வருஷம் முன்பே விளையாட்டுச் சாமான் தயார்.

நெட்ஹேக்கைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். 2003 டிசம்பரில் ஒரு பதிப்பு வந்தது. அடுத்த பதிப்பு 2015 டிசம்பரில்தான். பன்னிரண்டு வருஷம்! ஒரு கம்பெனி சரக்காக இருந்தால் பாதி வழியிலேயே கருமாதி முடிந்திருக்கும். இது பொதுச்சொத்து மாதிரி இருந்ததால், இடைப்பட்ட காலத்தில் ஆளாளுக்கு எடுத்துத் தங்கள் போக்கில் வளர்த்துக்கொண்டார்கள்.

அடுத்தது 'டூம்'. 1993 டிசம்பரில் வந்து அலுவலகங்களில் வேலையைக் கெடுத்த விளையாட்டு. அடுத்த வருஷமே அதை உருவாக்கிய ஐடி சாஃப்ட்வேரின் டேவ் டெய்லர் லினக்ஸுக்குக் கொண்டுவந்துவிட்டார். இதைவிடப் பெரிய காரியம் 1997 டிசம்பரில் நடந்தது. ஜான் கார்மாக் டூமின் மூல நிரலை ஊருக்கே திறந்துவிட்டார். அப்படித் திறந்தது டாஸ் பதிப்பை அல்ல, லினக்ஸ் பதிப்பை. டாஸ் பதிப்பின் ஒலிப் பகுதி வேறொருவருக்குச் சொந்தமானது, வெளியிட உரிமை இல்லை. லினக்ஸ் பதிப்பில் அந்தச் சிக்கல் இல்லை. இன்று பழைய கேமராவில் ஓடுகிறது, கால்குலேட்டரில் ஓடுகிறது என்று டூமை வைத்து வேடிக்கை காட்டுகிறார்களே, அதற்கெல்லாம் வேர் இந்தத் திறப்புதான். பிறகு 1999-ல் 'குவேக்', 2005-ல் 'குவேக் 3' என்று அடுத்தடுத்துத் திறந்தார்கள். விற்று முடித்த சரக்கைப் பூட்டி வைப்பானேன் என்ற நல்ல மனசு.

மூன்றாவது, என் தூக்கத்தைக் கெடுத்தது. 'ஃப்ரீசிவ்'. சிட் மையரின் 'சிவிலைசேஷன்' 1991-ல் வந்து சக்கைப்போடு போட்டது. டென்மார்க்கில் ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்தில் கணினி படித்த மூன்று மாணவர்கள், அதைப் பலர் சேர்ந்து வலைவழி ஆடினால் எப்படி இருக்கும் என்று 1995 நவம்பரில் எழுத ஆரம்பித்தார்கள். 1996 ஜனவரியில் முதல் பதிப்பு வந்துவிட்டது. படிப்பு முடிந்ததும் அவர்கள் அவரவர் வழியில் போய்விட்டார்கள். ஆனால் ஜிபிஎல் உரிமத்தில் விட்டுப் போனதால் வேறு யாரோ எடுத்துக்கொண்டார்கள், அவர்களுக்குப் பிறகு இன்னொருவர். இன்றும் புதுப்பதிப்பு வந்துகொண்டிருக்கிறது. புனேயில் லோட் ஷெட்டிங் தலைவிரித்தாடிய நாட்களில், சரியாக நான் சக்கரம் கண்டுபிடித்து எழுத்து கண்டுபிடிக்கும் நேரம் பார்த்துக் கரண்ட் போகும். என் நாகரிகம் அழிந்தது எதிரியால் அல்ல, மின்சார வாரியத்தால் :-)

சரி, காசுக்கு விற்றவர்கள் கதை என்ன? அதையும் சொல்லாவிட்டால் வரலாறு ஒருதலைப்பட்சமாகிவிடும்.

1998-ல் கலிபோர்னியாவில் ஸ்காட் டிரேக்கர் என்கிற வழக்கறிஞர் 'லோகி சாஃப்ட்வேர்' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். விண்டோஸில் வெற்றிபெற்ற விளையாட்டுகளை உரிமம் வாங்கி லினக்ஸுக்கு மாற்றி டப்பாவில் போட்டு விற்பதுதான் தொழில். 1999-ல் 'சிவிலைசேஷன்: கால் டு பவர்' வந்தது. தொடர்ந்து 'ரெயில்ரோட் டைகூன் 2', 'சிம்சிட்டி 3000' என்று வரிசையாக வந்தன. வேலை சுத்தம். ஆனால் வாங்க ஆள் போதவில்லை. விளையாட்டுப் பைத்தியங்கள் பெரும்பாலும் விண்டோஸையும் கூடவே வைத்திருந்தார்கள். லினக்ஸ் பதிப்பு வரும்வரை காத்திருக்காமல் அதிலேயே ஆடி முடித்துவிட்டார்கள். 2001 ஆகஸ்டில் திவால் மனு, 2002 ஜனவரி இறுதியில் கதவடைப்பு.

லோகி விற்றது போய்விட்டது, கொடுத்தது நின்றுவிட்டது. எஸ்டிஎல் என்று ஒரு நிரல் தொகுப்பு இருக்கிறது. திரையில் படம் காட்டுவது, ஒலி எழுப்புவது, விசைப்பலகையைக் கவனிப்பது என்று எந்த விளையாட்டுக்கும் தேவையான அடிப்படை வேலைகளை அது பார்த்துக்கொள்ளும். 1998-ல் அதை வெளியிட்ட சாம் லாண்டிங்கா லோகியில்தான் முதன்மை நிரலாளராக இருந்தார். லோகி செத்தது, எஸ்டிஎல் சாகவில்லை. திறந்த மூலமாக இருந்ததால் கம்பெனியோடு உடன்கட்டை ஏற வேண்டிய அவசியம் அதற்கு இல்லை. இன்று நீங்கள் லினக்ஸில் ஆடும் விளையாட்டுகளில் ஏகப்பட்டவை அதன் மேல்தான் நிற்கின்றன.

இப்போது என் பொண்ணின் பென்குயினுக்கு வருகிறேன். லினக்ஸின் சின்னமான 'டக்ஸ்' என்ற பென்குயினை 1996-ல் வரைந்தவர் லாரி யூயிங். கனடாவில் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் படித்த ஜாஸ்மின் பேட்ரி, 1999-ல் கணினி வரைகலைப் பாடத்தின் கடைசி வேலையாக, அந்தப் பென்குயின் பனிமலையில் வயிற்றால் சறுக்கிக்கொண்டே மீன் பொறுக்குவது போல ஒன்றைச் செய்ய நினைத்தார். அதுதான் 'டக்ஸ் ரேசர்'. 2000-ல் ஜிபிஎல் உரிமத்தில் வெளிவந்தது.

எங்கள் பொட்டியில் முதல் தடவை ஓட்டியபோது அது சறுக்கவில்லை, ஸ்லைடு ஷோ காட்டியது. முப்பரிமாணப் படத்தை வரைய வேண்டிய கார்டுக்கு டிரைவர் இல்லை. பாவம், புராசசரே எல்லாவற்றையும் வரைந்துகொண்டிருந்தது. இரண்டு சனிக்கிழமை உட்கார்ந்து, எக்ஸ் அமைப்புக் கோப்பைத் திருத்தி, ஒரு தடவை திரையே வராமல் போய், கடைசியில் பென்குயின் சர்ரென்று இறங்கியபோது பொண்ணு போட்ட சத்தத்தில் கீழ்வீட்டு ஆஜி என்னவோ ஏதோவென்று மேலே வந்துவிட்டார்.

இந்த விளையாட்டுக்கும் ஒரு சோதனை வந்தது. உருவாக்கியவர்களே நிறுவனம் தொடங்கி, 2002-ல் மூல நிரலை மூடிக் காசுக்கு விற்கும் பதிப்பைக் கொண்டுவந்தார்கள். அதில் தப்பில்லை, உழைத்தவர்கள் சாப்பிட வேண்டாமா? ஆனால் ஏற்கெனவே கொடுத்ததைத் திரும்பப் பெற முடியாது. ஜிபிஎல்லின் சூட்சுமம் அதுதான். அந்த நிறுவனம் நீடிக்கவில்லை. பழைய இலவசப் பதிப்பை மற்றவர்கள் எடுத்து 'பிளானெட்பென்குயின் ரேசர்' என்றார்கள். பிறகு 'எக்ஸ்ட்ரீம் டக்ஸ் ரேசர்' வந்தது. பெயர்தான் மாறியது, அதே பென்குயின், அதே மீன்.

'ஃப்ரோசன் பபிள்' பற்றிச் சொல்லாவிட்டால் தங்கமணி கோபித்துக்கொள்வார். பிரான்ஸைச் சேர்ந்த கியோம் கோட்டன்சோ 2002-ல் பெர்ல் மொழியில் எழுதியது. ஒரே நிறத்தில் மூன்று குமிழிகள் சேர்ந்தால் உடைந்து விழும். ஒரே விசைப்பலகையில் இரண்டு பேர் ஆடலாம். அலுவலகத்தில் பெர்ல் எழுதிச் சம்பளம் வாங்கியவன் நான். வீட்டில் அதே பெர்லில் எழுதிய ஆட்டத்தில் தங்கமணியிடம் ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை.

குழந்தைகளுக்கு இன்னும் இரண்டு. 2000-ல் பிரான்ஸில் புரூனோ கூடுவான் தொடங்கிய 'ஜிகாம்ப்ரி' ஒன்று. அந்தப் பெயரைப் பிரெஞ்சில் உச்சரித்தால் 'எனக்குப் புரிந்தது' என்று ஒலிக்கும். இன்னொன்று 2002-ல் பில் கெண்ட்ரிக் எழுதிய 'டக்ஸ் பெயின்ட்'. இதைத் தமிழிலும் வைத்துக்கொள்ளலாம். பள்ளியில் ஆங்கிலம், இந்தி, மராத்தி மூன்றும் படிக்கிற பிள்ளைக்கு, தமிழ் என்பது அப்பா அம்மா பேசும் சத்தம் மட்டும்தான். விளையாடுகிற ஒரு பொருளில் தமிழ் எழுத்தைப் பார்ப்பது அவர்களுக்கு என்ன செய்யும் என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தன்னார்வலர் யாரோ ராத்திரி கண்விழித்து மொழிபெயர்த்ததால் கிடைத்த சொற்கள் அவை. மூல நிரல் பூட்டிக் கிடந்திருந்தால், தமிழுக்கு லாபம் இல்லை என்று யாரும் செய்திருக்க மாட்டார்கள்.

அதற்கப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2010-ல் 'ஹம்பிள் இண்டி பண்டில்' என்று, இஷ்டப்பட்ட விலை கொடுங்கள் எனச் சில விளையாட்டுகளைச் சேர்த்து விற்றார்கள். சராசரியாக அதிக விலை கொடுத்தவர்கள் லினக்ஸ்காரர்கள்! ஓசிக் கூட்டம் என்ற பேச்சுக்கு அது நல்ல பதில். 2013-ல் வால்வ் நிறுவனத்தின் 'ஸ்டீம்' லினக்ஸுக்கு வந்தது. 2018-ல் 'புரோட்டான்' மூலம் விண்டோஸ் விளையாட்டுகளே லினக்ஸில் ஓட ஆரம்பித்தன. அதன் அடித்தளமான 'வைன்' 1993-லிருந்து பொறுமையாக எழுதப்பட்டு வந்த திறந்த மூலத் திட்டம். 2022-ல் லினக்ஸிலேயே ஓடும் 'ஸ்டீம் டெக்' என்ற கையடக்கக் கருவியும் வந்துவிட்டது. ஏமாற்றைத் தடுக்கும் மென்பொருள் காரணமாகச் சில வலைவழி விளையாட்டுகள் இன்னும் ஓடுவதில்லை. மற்றபடி, "கேம் ஹை க்யா?" என்று இனி யாரும் கேட்க முடியாது.

ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. இப்படி வாங்குகிற விளையாட்டில் பெரும்பாலும் நமக்குக் கிடைப்பது ஆடும் உரிமைதான், பொருள் அல்ல. வாடகை வீடு மாதிரி. ஐந்து வீடு மாறியவன் சொல்கிறேன், எவ்வளவு நல்ல ஓனராக இருந்தாலும் வாடகை வீடு வாடகை வீடுதான்.

சோதனை முடிவுக்கு வருகிறேன். உபுண்டு தகடு கீறல் விழுந்து படிக்கவே வரவில்லை; பரவாயில்லை, அதன் வாரிசு என் மடிக்கணினியில் ஓடிக்கொண்டிருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய விளையாட்டு நிறுவும்போதே படுத்துவிட்டது. அது எதிர்பார்த்த பழைய நூலகக் கோப்புகள் இன்றைய லினக்ஸில் இல்லை. யார் மேலும் குற்றமில்லை. மூல நிரல் இல்லாததால் புதுக் காலத்துக்கு ஏற்றபடி திருத்த யாராலும் முடியவில்லை, அவ்வளவுதான். மூன்றாவது தகடும் படிக்கவில்லை. ஆனால் ஒரே ஒரு கட்டளை தட்டினேன், இரண்டு நிமிஷத்தில் பென்குயின் வந்து மலை உச்சியில் நின்றது.

நொய்டாவுக்கு வீடியோ கால் போட்டு, கேமராவைத் திரைப்பக்கம் திருப்பினேன். எதுவும் சொல்லவில்லை.

"அப்பா! டக்ஸா? இன்னும் இருக்கா?"

"இருக்கும்மா. நீயும் போட்டுக்கோ, ஓசிதான்."

மறுநாள் காலையில் தன் மதிப்பெண்ணைப் படமெடுத்து அனுப்பியிருந்தாள். என்னுடையதைவிட இரண்டு மடங்கு. பழைய தகடுகளைப் பங்கார்வாலாவிடம் போட்டாயிற்று. ஸ்கெட்ச் பேனா பென்குயினை மட்டும் புது வீட்டுப் பரணில் ஏற்றிவிட்டேன். ஆறாவது வீட்டுக்கும் அது வரும்.