இருநிற நீலமும் பண்டைத் தமிழர் மணித்தேர்வும்

மணியின் குணமும் குற்றமும் ஆராய்தல் வணிகர்க்கே யன்றிப் புலவர்க்கும் உரிய தொழிலாக நம் முன்னோர் கொண்டனர். காப்பியம் பாடிய அடிகளும் புராணம் பாடிய முனிவரும் மணிகளின் இலக்கணத்தைத் தம் நூல்களிற் பொதிந்து வைத்தமையே அதற்குச் சான்றாம். அவ்விலக்கணம் வெறும் ஏட்டறிவாய்க் கிடப்பின் பயனின்று. இன்று கடைவீதியில் மணி கொள்வானுக்கு அது துணையாமாறு எங்ஙனம் என்பதை ஒரு மணியின்மேல் வைத்து ஈண்டு ஆராயப் புகுகின்றாம்.

அம்மணி இருநிற நீலம். ஒருபால் நீலமும் ஒருபால் மஞ்சளுமாக ஒரே கல்லில் இருநிறம் காட்டுவது. வடநாட்டு மணிவாணிகர் இதனைப் 'பீதாம்பரி நீலம்' என்பர். கரிய மேனியிற் பொன்னாடை புனைந்த திருமாலை நினைந்து இட்ட பெயர் அது. சனி, வியாழன் என்னும் இருகோள்களுக்கும் இஃதொன்றே அமையும் என்று சோதிடர் சிலர் கூறுதலின், கொங்குநாட்டிலும் இதனை விரும்பிக் கொள்வார் உளர். இதனைப்பற்றி இருவேறு கொள்கைகள் நிலவுகின்றன. இருநிறம் நூல்கள் விலக்கிய குற்றம், ஆதலின் இது கொள்ளத்தகாது என்பார் ஒருசாரார். கிடைத்தற்கரியது, ஆதலின் எவ்விலை கொடுத்தும் கொள்ளலாம் என்பார் மற்றொரு சாரார். இவ்விரண்டும் ஆராயாது கூறும் கூற்றேயாம். முன்னதால் நன்மணி இகழப்படும். பின்னதால் ஒரு குடியின் பல்லாண்டுச் சேமிப்பு ஒரு நாளில் அழியும்.

மணித்தேர்வு கொங்குநாட்டுக்குப் புதியதன்று. பதிற்றுப்பத்தில் ஏழாம் பத்துப் பாடிய கபிலரும் எட்டாம் பத்துப் பாடிய அரிசில்கிழாரும் கொடுமணம் என்னும் ஊரை அருங்கலங்களுக்குப் பேர்பெற்றதாகக் குறிக்கின்றனர். அவ்வூர் இன்றைய ஈரோடு மாவட்டத்தில் நொய்யலாற்றின் வடகரையிலுள்ள கொடுமணலே என்பது அறிஞர் துணிபு. 1985-ஆம் ஆண்டு தொடங்கித் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் ஆண்டு நடத்திய அகழாய்வில் நீலம், பச்சைநீலப் பெரில், பளிங்கு, சூதுபவளம் முதலிய கற்கள் உருவாகாத நிலையிலும், பாதி உருவான நிலையிலும், துளையிட்டு முடிந்த நிலையிலும் கிடைத்தன. ஆதலின் அவ்வூர் மணி விற்ற ஊர் மட்டுமன்று, மணி செய்த ஊருமாம் என்பது பெறப்பட்டது. சூதுபவளமும் நீலமும் பதித்த உலோகப் புலியுருவம் ஒன்றும் ஆண்டு வெளிப்பட்டது.

அவர்க்குக் கல் வந்த இடமும் சேய்மைத்தன்று. காங்கேயத்தை அடுத்த சிவன்மலைப் பாறைகளில் குருந்தக்கல் உண்டென்பதை ஹாலண்டு என்னும் நிலநூலார் 1901-இல் விரிவாக எழுதியுள்ளார். அக்கற்களிற் பெரும்பாலன ஒளி புகாதன. ஒளி புகுவனவே நீலமணியாம். பெரில் எடுத்த படியூரும் காங்கேயத்தின் அணிமையதே. கோயம்புத்தூரை ஒட்டிய வெள்ளலூரில் 1842-இலும் 1891-இலும் கிடைத்த உரோமர் காசுக்குவியல்கள், சேரர் மேலைக்கடற்கும் கருவூர்க்கும் இடையே சென்ற பெருவழியில் யவனர் செல்வம் எத்துணை இறங்கியது என்பதைக் காட்டும். அச்செல்வத்தை ஈர்த்த பண்டங்களுள் மணியும் ஒன்று. குற்றமுள்ள மணியைக் குணமுள்ளதாக விற்றிருப்பின் அவ்வாணிகம் பல தலைமுறை நிலைத்திராது என்பது வெளிப்படை.

இனி நூல்வழக்கை நோக்குவாம். சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையில் கோவலன் மதுரை மணிவாணிகர் வீதியைக் காண்கின்றான். ஆண்டு இளங்கோவடிகள் ஒரே பிறப்பினவாய் ஐந்து வேறு அழகுடைய மணிகளை எண்ணுகின்றார். அவை மாணிக்கம், புட்பராகம், வைடூரியம், நீலம், கோமேதகம் என உரையாளர் கொள்வர். அவற்றுள் இறுதியிற் கூறிய மணியை அடிகள் இரண்டு வேறு நிறமுடையது என்றே குறிக்க, மஞ்சளும் சிவப்பும் கலந்த கோமேதகம் என்று உரை விளக்கும். இவ்விடத்தில் இரண்டு செய்திகள் கருதற்பாலன.

ஒன்று, ஒரே பிறப்பு என்றது. மாணிக்கமும் நீலமும் இன்று நாம் புட்பராகம் என்று கொள்ளும் மஞ்சள்மணியும் குருந்தம் என்னும் ஒரே கனிப்பொருள் என்பது இக்கால நூல்களின் முடிபு. குருந்தம் என்னும் நம் சொல்லே 'கொரண்டம்' எனத் திரிந்து மேனாட்டு நூல்களில் வழங்குகின்றது. வைடூரியமும் கோமேதகமும் வேறு கனிப்பொருள்கள் எனினும், ஐந்தனுள் மூன்றற்குப் பிறப்பொருமை பொருந்துதல் வியக்கத்தக்கதே. நிறத்தை நோக்காது பொருளை நோக்கியன்றோ அங்ஙனம் ஒன்றுபடுத்தல் கூடும்! நீலமும் புட்பராகமும் ஒரே கல்லிற் கூடிநிற்கும் இருநிற நீலம், அப்பிறப்பொருமைக்குக் கண்கூடான சான்றாக விளங்குகின்றது.

மற்றொன்று, இருநிறமுடைய மணியை அடிகள் நன்மணிகளோடு வைத்து எண்ணியது. இருநிறம் தன்னளவிலே குற்றமாயின் அங்ஙனம் எண்ணியிரார்.

அற்றேல், கருடபுராணம் நீலத்தின் குற்றங்களுள் நிறக்குற்றத்தையும் வைத்தது என்னையெனின், கூறுதும். அந்நூல் நிறக்குற்றத்தைத் தனித்துக் கூறவில்லை. மண், கல், வெடிப்பு, பரல், மேகம்போன்ற படலம் என்பனவற்றோடு உடன்வைத்தே கூறுகின்றது. இவையனைத்தும் மணியின் ஒளியைத் தடுப்பன. உடனெண்ணப்பட்டவற்றின் இனம்பற்றிப் பொருள் கொள்ளுமிடத்து, நிறக்குற்றம் என்பதும் ஒளியை மழுக்கும் கறையையும் கலங்கலையுமே குறித்தல் வேண்டும். இருநிறமும் தெளிந்து ஒளிவிடும் கல்லுக்கு அவ்விலக்கு எய்தாது. இருநிறமும் கலங்கிச் சாம்பல் பூத்த கல்லுக்கு எய்தும். இதுவே அந்நூற்கும் அடிகள் கூற்றுக்கும் மாறுபாடு தோன்றாது பொருந்தும் பொருள்.

இருநிறம் அமைதற்குக் காரணமும் அறிதல் வேண்டும். தூய குருந்தம் நிறமற்றது. அதனுள் இரும்பும் டைட்டேனியமும் சிறிதளவு கூடிய பகுதி நீலமாகும். இரும்பு மட்டும் கூடிய பகுதி மஞ்சளாகும். நிலத்தினுள்ளே கல் அடுக்கடுக்காக வளருங்கால் அதனைச் சூழ்ந்த பொருள் மாறுமாயின் அடுக்கின் நிறமும் மாறும். இலங்கை இரத்தினபுரிப் பக்கத்து ஆற்றுப்படிவுகளிலும், ஆஸ்திரேலியாவின் குயின்சுலாந்து நாட்டிலும், மடகாஸ்கர்த் தீவிலும் இத்தகைய கற்கள் எடுக்கப்படுகின்றன.

எனவே கொள்வான் முதற்கண் வினவற்பாலது ஒன்றே: இவ்விருநிறமும் கல்லின் தன்னியல்பா, பிறிதொன்றைச் சார்ந்து வந்ததா? சித்தாந்தம் பயின்றார்க்கு இவ்வினா புதிதன்று. மெய்கண்டதேவர் சிவஞானபோதத்து எட்டாஞ் சூத்திரத்தில் பல நிறங்களைக் காட்டும் படிகத்தை எடுத்துக்காட்டினார். படிகத்தில் தோன்றும் செம்மை அதன் அருகிருந்த மலரின் செம்மை. மலரை நீக்கின் அதுவும் நீங்கும். மணித்தேர்வின் தலையாய விதியும் இதுவே. மலரை நீக்கிப் பார்க்கும் வழிகளே சோதனைகள் எனப்படுவன.

மக்கள் பெரிதும் நம்பும் பாற்சோதனையை இவ்விதியால் அளந்து பார்க்க. மாநீலத்தைத் தன்னின் நூறு மடங்கு பாலில் இட்டால் பால் முழுதும் நீலமாம் என்பது பழைய வழக்கு. ஆயின் பாலிடத்துத் தோன்றும் நீலம், பால் சார்ந்ததன் வண்ணமாதலைக் காட்டுமேயன்றிக் கல்லின் மெய்ம்மையைக் காட்டாது. நீலக் கண்ணாடித் துண்டும் பாலுக்கு நீலச்சாயல் தருதல் கூடும். ஆதலின் இச்சோதனை ஒன்றையே பற்றிப் பொருள் கொடுத்தல் தகாது.

பயன்படும் சோதனைகள் வேறு. கல்லைத் தெளிந்த நீரில் அமிழ்த்தி, வெண்டாள் ஒன்றைப் பின்னே வைத்துப் பக்கவாட்டில் உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்குக. நிறப்பட்டைகள் நேர்கோடாகச் சென்று கோணமாக மடங்கின் நிலத்திற் பிறந்த கல்லுக்குரிய அடையாளம் அது. வில்போல் வளைந்து செல்லின் உலையிற் பிறந்த செயற்கைக்கல் என்று ஐயுறுக. 1902-இல் வெர்னூயி என்னும் பிரெஞ்சு அறிஞர் வெளியிட்ட முறையால் உருக்கி வளர்த்த கற்களில் அவ்வளைவு காணப்படும். இருநிறம் சந்திக்கும் இடம் கத்தியால் அறுத்தாற்போல ஒரே தளமாய், ஆண்டுத் தட்டையான குமிழிகள் தோன்றின், இருவேறு துண்டுகளை ஒட்டிய கல் என்க. நிறம் பட்டைகளின் விளிம்பில் மட்டும் கோடிட்டாற்போலத் திரண்டு, உட்பகுதி வெளிறித் தோன்றின், மேற்றோலில் மட்டும் நிறமேற்றிய கல் என்க. உருண்டைக் குமிழிகள் கண்ணாடிக்கு உரியன.

கண்ணுக்கும் உருப்பெருக்கிக்கும் அகப்படாத செயல்களும் உள. வெறும் வெப்பமூட்டல் நெடுங்காலமாக வழங்கும் முறை. வணிகன் அதனை மறையாது கூறின் வஞ்சனை இல்லை, ஆயினும் வெப்பமூட்டாத கல்லின் விலை அதற்கு ஆகாது. பெரிலியம் என்னும் பொருளைக் கல்லினுள் வெப்பத்தாற் செலுத்தி மஞ்சள்நிறம் ஊட்டும் முறை இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளிப்பட்டது. இருநிறக் கல்லில் மஞ்சட்பகுதியே சிறப்பாதலின், அம்மஞ்சள் இயல்பா ஊட்டியதா என்பதை நன்கமைந்த ஆய்வுக்கூடத்தின் கருவிகளே துணியவல்லன. ஆதலின் பெருவிலைக் கல்லாயின் விற்பானுக்கு உறவில்லாத ஆய்வுக்கூடத்துச் சான்றிதழ் இன்றிக் கொள்ளற்க. அச்சான்றிதழில் கல்லின் எடை, அளவு, இருநிறம், வெப்பமூட்டியது உண்டா இல்லையா என்பன குறிக்கப்பட்டுள்ளனவா என்று பார்த்து, எடையை நிறுத்து ஒப்புநோக்குக. ஒரு காரட் 200 மில்லிகிராம்.

நிறம் தன்னதே என்று தெளிந்தபின் அதன் தரத்தை ஆராய்க. கடைவிளக்கின் கீழ் நோக்காது பகலொளியில், வெயில் நேரே படாத இடத்தில் வைத்து நோக்குக. நீலம் கருமையாகாமலும் மஞ்சள் வெளிறாமலும் இரண்டும் நிரம்பிய நிறமாதல் முதற்குணம். இரண்டும் சந்திக்கும் எல்லை தெளிவாதல், அன்றிக் கலங்கலின்றி மெல்லக் கலத்தல் இரண்டாங்குணம். நீலமும் மஞ்சளும் ஒன்றன்மேல் ஒன்று படியுமிடத்துப் பசுமை தோன்றும். அது தெளிந்ததாயின் குற்றமன்று, சேற்றுநிறமாயின் குற்றமாம். இருநிறமும் கல்லின் முகத்திலே தோன்றுதல் மூன்றாங்குணம். கம்மியன் கல்லைத் தீட்டும் திசை பிழைத்தால், கவிழ்த்துப் பார்க்கும்போது மட்டும் இருநிறமாய், மோதிரத்திற் பதித்தபின் ஒருநிறமாய்த் தோன்றும். அத்தகைய கல்லுக்கு இருநிறத்தின் விலை கொடுத்தல் வீண். நிற எல்லையிலும் விளிம்பிலும் வெடிப்பின்மை நான்காங்குணம். நடுவில் ஒளி ஊடுருவிக் கீழுள்ள எழுத்துத் தெரியாமையும், எடை கூட்டற்பொருட்டு அடி பருத்திராமையும் ஐந்தாங்குணம்.

இவ்வைந்தும் நிரம்பிய கல் அரிது. எனினும் அரியது என்பதனாலேயே விலையுயர்ந்தது ஆகாது. அதனை வேண்டுவார் தொகையும் விலைக்குக் காரணமாம். பொதுவாக, ஒத்த எடையும் தெளிவும் உடைய ஒருநிற உயர்நீலத்தின் விலைக்கு இருநிற நீலம் எட்டுவதில்லை. மீண்டும் விற்கப் புகின் கொள்வார் சிலராதலின் காலமும் தாழ்க்கும். 'இருகோளுக்கும் ஒரு கல்' என்று கூறி இரண்டு மணிகளின் விலையைக் கேட்பானாயின், அவன் கல்லை விற்கவில்லை, கோளுக்கு அஞ்சும் அச்சத்தை விலையாக்குகின்றான் என்று அறிக. பெயருக்குக் கொடுக்கும் பொருள் பெயரளவிலே கழியும். கோள்களும் இறைவன் ஆணைவழி நிற்பன என்று தெளிந்த சைவர்க்கு மணி அணியாதலே அமையும். அவ்வணியின் அழகுக்கும் மெய்ம்மைக்கும் தக்க விலையே அவர் கொடுக்கத்தக்கது.

பரஞ்சோதி முனிவர் திருவிளையாடற் புராணத்துள் மாணிக்கம் விற்ற படலம் மணிநூலாகவே பயிலத்தக்கது. அரசன் இறந்து, முடிக்குரிய மணிகளும் களவுபோய், இளவரசனுக்கு முடிசெய்ய வழியின்றி அமைச்சர் கலங்கிய காலத்தில், சோமசுந்தரக் கடவுள் வணிகராய் எழுந்தருளினார். மணிகள் வலன் என்னும் அவுணன் உடலிற் பிறந்த வரலாற்றைக் கூறி, ஒவ்வொன்றன் குணத்தையும் குற்றத்தையும் எடுத்துரைத்த பின்னரே அவற்றை அளித்தார். எல்லாம் வல்ல இறைவனே வணிகக்கோலம் கொண்டவிடத்துக் குற்றத்தையும் மறையாது உரைத்தான் என்பது, விற்பார்க்கும் கொள்வார்க்கும் வைத்த அளவுகோலன்றோ! கொடுமணத்து வாணிகர் வழிவந்த கொங்குநாட்டார் இருநிற நீலத்தைக் கொள்ளுமுன், அதன் குணத்தை விற்பானிடம் கேளற்க. அதனை அவன் கேளாமலே கூறுவன். குற்றத்தைக் கேட்க. ஒளியாது விடையிறுப்பானிடம் கொள்க. குற்றமே இல்லை என்பானிடம் மீள்க.