தமிழ்நாட்டில் வாடகை வழக்குகளும் நீதிமன்ற அதிகார வரம்பும்

வீட்டு உரிமையாளருக்கும் வாடகைதாரருக்கும் இடையே எழும் வழக்கை எந்த நீதிமன்றம் விசாரிக்கலாம் என்பது தமிழ்நாட்டில் பலமுறை மாறிய சட்டக் கேள்வியாகும். விசாரிக்கும் மன்றம் மாறியபோதெல்லாம் வாடகைதாரருக்குக் கிடைத்த பாதுகாப்பும் மாறியது.

தொடக்க காலம்

1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டப்படி, மாத வாடகைக்குக் குடியிருப்பவருக்குப் பதினைந்து நாள் அறிவிப்புக் கொடுத்து, உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்து அவரை வெளியேற்ற முடிந்தது. உரிமையாளர் காரணம் காட்ட வேண்டியதில்லை.

வாடகைக் கட்டுப்பாடு

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் சென்னை மாகாணத்தில் வாடகைக் கட்டுப்பாட்டு ஆணைகள் பிறப்பிக்கப்பட்டன. இவற்றைத் தொடர்ந்து 1946, 1949, 1960 ஆகிய ஆண்டுகளில் சட்டங்கள் இயற்றப்பட்டன. 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வேண்டுமென்றே வாடகை செலுத்தாமை, உரிமையாளரின் சொந்தத் தேவை போன்ற குறிப்பிட்ட காரணங்களுக்காக மட்டுமே வாடகைதாரரை வெளியேற்றலாம். அதற்கான மனுவை வாடகைக் கட்டுப்பாட்டு அலுவலரே விசாரித்தார். அவரது ஆணையின் மீது மேல்முறையீடும், பின்னர் உயர் நீதிமன்றத்தில் சீராய்வும் செய்யலாம்.

எனினும் உரிமையியல் நீதிமன்றத்தின் கதவு முழுவதும் அடைக்கப்படவில்லை. உரிமையாளரின் சொத்துரிமையை வாடகைதாரர் மறுத்து, அம்மறுப்பு நல்லெண்ணத்துடன் செய்யப்பட்டது என்று அலுவலர் முடிவு செய்தால், உரிமையாளர் உரிமையியல் நீதிமன்றத்தை நாடலாம். மறுப்பு நல்லெண்ணமற்றது எனில், அதுவே வெளியேற்றத்துக்குக் காரணமாகும்.

உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள்

வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி வெளியேற்றம் கோர, சொத்து மாற்றுச் சட்டத்தின் அறிவிப்புத் தேவையில்லை என 1979-இல் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பளித்தது. மாத வாடகை 400 ரூபாயைத் தாண்டிய குடியிருப்புகளுக்குச் சட்டத்தின் பாதுகாப்பை மறுத்த பிரிவு 1986-இல் செல்லாததாக்கப்பட்டது. வணிகக் கட்டடங்களுக்கு அத்தகைய வரம்பு இல்லாததால், அப்பிரிவு சமத்துவ உரிமைக்கு முரணானது எனக் கருதப்பட்டது.

புதிய சட்டம்

2017-இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 அன்று நடைமுறைக்கு வந்து, 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கியது. இதன்படி வாடகை அதிகாரி, வாடகை நீதிமன்றம், வாடகைத் தீர்ப்பாயம் என மூன்று அமைப்புகள் உள்ளன. எழுத்து வடிவ ஒப்பந்தம் கட்டாயமாக்கப்பட்டது. இச்சட்டத்துக்கு உட்பட்டவற்றில் உரிமையியல் நீதிமன்றங்கள் தலையிட இயலாது. ஆனால் சொத்து யாருடையது என்பதை வாடகை நீதிமன்றம் தீர்மானிக்க முடியாது. அது இன்றும் உரிமையியல் நீதிமன்றத்துக்கே உரியது.